பாப்பாவுக்கு, பெரம்பூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தெருவை மறுபடியும் தோண்டிப்போட்டுவிட்டார்கள். போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை, வேலை அதிகம் என்று அம்மாவுக்கு மெசேஜ் போட்டிருந்தாய். அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

நேற்று உன் சித்தி மகன் வந்தான். "பெரியப்பா, அக்கா ஈபேயில கடை போட்டிருக்கா" என்று போனைக் காட்டினான். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தேன். தப்பே இல்லை. பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் அவ்வப்போது கழிக்கவும் செய்வார்கள். ரெட்டையாக இருப்பதை விற்று, இல்லாததை வாங்குவார்கள். உன்னுடையது ரெட்டை மாதிரி எனக்குத் தெரியவில்லை, அது வேறு விஷயம். விற்பதென்றால் சரியாக விற்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் படம். தட்டுகளைத் தரையில் சிவப்புக் கம்பளத்தின் மேல் பரப்பி எடுத்திருக்கிறாய். உங்கள் வீட்டில் மரத்தரைதானே? தட்டு வினைல் பிளாஸ்டிக், தூசியை இழுக்கும், கம்பளத்து நூல் ஒட்டினால் படத்தில் கீறல் மாதிரித் தெரியும். மேஜைமேல் வைத்து எடு. அந்த வட்ட மேஜை, மாப்பிள்ளை தானே பாலிஷ் போட்டார் என்று படம் அனுப்பினாயே, அதன்மேல் வைத்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது நீ எழுதியிருக்கும் குறிப்பு. "60, 70களின் பழைய சிங்கிள்கள், நல்ல நிலை." பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற சின்னத் தட்டுகளுக்கு அவ்வளவுதானா? பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' 1962 அக்டோபரில் வந்தபோது பார்லஃபோன் கம்பெனியின் லேபிள் சிவப்பு, 1963இல் கறுப்பாக மாறிவிட்டது, இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் கையால் 'போர்க்கி' என்று கீறியிருந்தால் அது தட்டுக்கு மூலப்பிரதி வெட்டும் ஜார்ஜ் பெக்கம் வெட்டியது, சத்தம் தனியாக எடுத்துக்கொடுக்கும் என்று போனில் அரைமணி நேரம் பேசினாய். அதில் ஒரு வரிகூட இங்கே இல்லை. நடு ஓட்டை சின்னதா, ஜூக்பாக்ஸுக்காகக் குடைந்தெடுத்த பெரிய ஓட்டையா என்றுகூட எழுதவில்லை. வாங்குகிறவன் அதைத்தானே முதலில் கேட்பான்? அமெரிக்காவில் ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக்கில் வார்த்தது எது, வினைல் எது என்று கையில் வாங்கியதுமே சொல்கிற பெண் நீ. ஐசிஎஃப்பில் என்னோடு வேலை பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நான் அலுக்கவைத்திருக்கிறேன்.

மான்செஸ்டர் போன புதிதில் ஆக்ஸ்ஃபாம் தர்மக் கடையில் பழைய தட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் புரட்டி, அன்றன்று கிடைத்ததை எனக்கு எழுதுவாய். விகன் கேசினோ என்ற நடன அரங்கில் 1973 முதல் 1981 வரை விடியவிடிய ஆடியவர்களின் கதையெல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். தட்டு எது என்று போட்டிக்காரனுக்குத் தெரியக்கூடாது என்று டிஜேக்கள் லேபிள்மேல் வெள்ளைத்தாளை ஒட்டுவார்கள் என்றாய். அங்கே கொண்டாடிய ஃபிராங்க் வில்சனின் ஒரு சிங்கிளை 1965இல் அமெரிக்காவின் மோட்டவுன் தட்டுக் கம்பெனிக்காரர்கள் விற்பனைக்கே விடாமல் அழித்துவிட்டார்களாம். தப்பிய பிரதியில் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. அதைக் கேட்டு அம்மா, "பைத்தியக்கார ஊர்" என்றாள். எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது.

இப்போது விலை. மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே விலை போட்டிருக்கிறாய். அப்படி விற்காதே. பிரித்துப் பிரித்து விற்றால்தான் காசு. மொத்தமாகப் போட்டால், இவருக்கு அவசரம் என்று வியாபாரி உடனே கண்டுபிடித்துவிடுவான். மூர் மார்க்கெட்டில் அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், 1985இல் அது எரிந்துபோவதற்கு முன்னால். பெரம்பூர் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது தட்டுகளை விற்றுவிட்டுப் போவார்கள். நானே சில வீடுகளுக்குப் போய் வாங்கியிருக்கிறேன். ஊரைவிட்டுப் போகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் சேர்த்து விற்பார்கள். பணமுடை என்றால் நல்ல தட்டு முதலில் வெளியே வரும். வேறு மாதிரி வீடுகளும் உண்டு. அங்கே ஒருவர் பேர் எழுதியது மட்டும் விலைக்கு வரும், இன்னொருவருடையது பெட்டியிலேயே இருக்கும். நான் ஒன்றும் கேட்டதில்லை. பணத்தைக் கொடுத்து, தட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்துவிடுவேன்.

மாப்பிள்ளையின் டூ டோன் கம்பெனித் தட்டுகள், அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட லேபிள், ஒன்றுகூட உன் பட்டியலில் இல்லை. இருக்கட்டும், அவருடையது அவரிடம் பத்திரமாக இருக்கட்டும்.

ஆனால் பாப்பா, வரிசையில் நாலாவதாக இருக்கிறதே, லேபிளில் பச்சை மையில் பேர் எழுதிய பீட்டில்ஸ், அது நீ ஊருக்குக் கிளம்பும்போது நான் உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தது. கல்கத்தா டம் டம் தட்டு ஆலையில் அழுத்தித் தயாரித்தது. பேர் எழுதியிருப்பதால் மதிப்புக் குறைவு என்று நீ நினைத்திருக்கலாம். டம் டம் அழுத்தம் என்றால் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள் என்பது உனக்கும் தெரியும். சாவி கொடுக்கிற கிராமபோன் இங்கே பல வீடுகளில் இருந்ததால், 60களின் நடுவில்கூட பீட்டில்ஸை 78 வேகத் தட்டாகப் போட்ட ஊர் இது. அதையெல்லாம் இன்று எவ்வளவு கொடுத்தாவது வாங்க ஆள் இருக்கிறது. அந்தத் தட்டையும் கட்டோடு கட்டாகப் போட்டுவிட்டாயே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சித்தி மகன் போனில் காட்டித்தான் எனக்குத் தெரியவேண்டுமா?

சரி, விடு. உன் பொருள், உன் இஷ்டம்.

விற்கிறவரை செங்குத்தாக நிறுத்தி வை. அடுக்கிப் படுக்கவைத்தால் கீழே இருப்பது வளைந்துபோகும். பிவிசி உறையில் ரொம்ப நாள் விடாதே, தட்டில் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம். இப்போது இருக்கிற இடத்தில் ஈரம் உண்டா? ஈரம் இருந்தால் உறை பூஞ்சை பிடிக்கும், உனக்கும் சளி பிடிக்கும். கட்டாயம் செங்குத்தாக வை.

பெரம்பூர் வங்கியில் போட்டிருக்கும் டெபாசிட் தை மாதம் முடிகிறது. அதை மறுபடி போடலாமா, வேண்டாமா என்று மேனேஜர் கேட்கிறார். எனக்கும் அம்மாவுக்கும் பென்ஷனே போதும். நீ என்ன சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, உன் பழைய பிளேயர் அங்கேதான் இருக்கிறது. பெல்ட் மட்டும் மாற்றவேண்டும். பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. மாப்பிள்ளைக்கு வேலை இருக்குமென்றால் நீ மட்டும் வந்தாலும் போதும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அம்மாவிடம் நான் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. அந்தக் கட்டை நான் வாங்கிவிட்டேன். சித்தி மகன் பேரில், நீ போட்ட விலைக்கே, தபால் செலவும் சேர்த்து. ரத்து செய்துவிடாதே. அனுப்பும்போது ஒவ்வொரு தட்டையும் உறைக்கு வெளியே எடுத்து, உறையோடு சேர்த்து வை. உள்ளேயே இருந்தால் குலுங்கி உறையின் ஓரம் கிழியும். இரண்டு பக்கமும் தடித்த அட்டை கொடு. சுங்கப் படிவத்தில் அனுப்புநர் முகவரி என்று கேட்பார்கள். அங்கே பழைய முகவரியை எழுதாதே, இப்போது நீ இருக்கிற முகவரியைக் கதவு எண்ணோடு முழுசாக எழுது.

அன்புடன்,
அப்பா