மலைப்பாதைத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

அடிவாரக் கிணற்றடியிலிருந்து மலைப்பிள்ளையார் சந்நிதி வரையான நடைபாதை வேலை தைப்பொங்கலுக்கு முதல் நாள் முடிந்தது. பொங்கலன்று ஏறியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஏறாதவர்களுக்காகவும், "மாரி மழைக்குள்ள ஆராவது மண்வேலை செய்வாங்களா?" என்று கூட்டத்தில் கேட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. மார்கழியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள நமது படுவான்கரைப் பக்கம் வாய்க்கால் எது, வழி எது என்று தெரியாது. ஆனால் போன முறை ஆவணி வெயிலில், இறுகிக் கிடந்த மண்ணைக் கொத்தி, அழகாகத்தான் படி கட்டினோம். முதல் பெருமழைக்கே நடுப்பகுதி போய்விட்டது. தண்ணீர் எந்தப் பக்கத்தால் இறங்கும் என்று பார்க்காமல் கட்டிய படி அது. இந்த முறை பிள்ளையார் பெருங்கதை விரத நாட்களில் வழுக்குப் பாறையில் ஓர் ஆச்சி விழுந்து மணிக்கட்டுப் பிசகியது. அடுத்த ஞாயிறே தொடங்கிவிட்டோம்.

முதல் நாள் ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. குடையோடு மழைக்குள் ஏறி இறங்கி, தண்ணீர் பாதைக்குள் நுழைகிற இடங்களிலெல்லாம் உரப்பைக் கீற்றுக் கட்டினோம். 17 இடங்கள். அதில் 11 இடங்கள், வளைவைச் சுற்றப் பஞ்சிப்பட்டு நாம் குறுக்கே நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள்.

பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதலில் வைத்த ஆறு கல்வரிசைகளையும் பாதைக்கு நேர் குறுக்காக வைத்தோம். இரண்டு மழைக்குள் மேல்பக்கம் மணல் நிரம்பி, தண்ணீர் கல்லுக்கு மேலால் பாய்ந்து கீழே கிடங்கு பறித்துவிட்டது. கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் வண்ணக்கர் ஐயா வந்து பார்த்துச் சிரித்தார். "வயல் செய்யிற ஆக்கள்தானே நீங்க? வரம்பில தண்ணி போக வக்கடை வெட்டத் தெரியாதா? சரிச்சு வையுங்க, தண்ணி தானாப் போகும்" என்றார். சரி என்று ஆறையும் கிளப்பினோம். பிறகு கல்லை மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் புதைத்து, சரிவுப் பக்கம் தாழ்ந்து வரும்படி சாய்வாக வைத்து, அந்த முனையிலிருந்து பற்றைக்குள் ஒரு சிறு கானும் வெட்டினோம். கான் குட்டையாக இருந்தால் அதே தண்ணீர் கீழே திரும்பவும் பாதைக்குள் வந்துவிடுகிறது. வைத்த கல்லில் ஏறி நின்று குதித்துப் பார்ப்பது எங்கள் பரீட்சை. ஆடினால் திரும்பத் தோண்ட வேண்டும். ஈரமண் இடிக்க இடிக்க இறுகியது. ஆவணிப் புழுதியில் அது நடக்கவே இல்லை.

வழுக்குப் பாறையில் உளி வைப்பதா என்று பெரிய வாக்குவாதம். அதைத் தீர்த்தவர் நமது மூத்த அங்கத்தவர் ஒருவர். பழைய பாதை பாறைக்கு மேல்பக்கத்தால் போனதாம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஒரு பாலை மரம் குறுக்கே சரிந்ததால் சனம் பாறை வழியே சுற்றத் தொடங்கியதாம். போய்ப் பார்த்தோம். மரம் உக்கிப் போய்க் கனகாலம், நாங்கள்தான் இன்னும் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். உண்ணிப்பற்றையை வெட்டியதும் பழைய தடம் அப்படியே கிடந்தது. இப்போது வழி அதுதான். பாறைப் பக்கத்தை முள்ளுப்போட்டு மறித்திருக்கிறோம், தயவுசெய்து முள்ளை விலக்க வேண்டாம்.

ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையுமாக ஒன்பது நாள் வேலை. யானைக்குப் பயந்து மூன்று மணிக்கே இறங்கிவிடுவோம். வயல் காவலில் இருந்த தம்பிமார், யானை அடிவாரத்தில் நிற்கிறது என்று போன் எடுத்ததால் இரண்டு நாள் போகவே இல்லை. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலிருந்தும் பிள்ளைகள் வந்து உதவினார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்குமுன் என்றால், இந்தப் பாதை வேலைக்கு 'பாதை' என்று நாம் சொல்லும் அந்த மிதவைப் படகுக்குக் காத்துக்கிடந்துதான் வந்திருப்பார்கள்! பிளேன்ரீயும் கடலையும் தந்த வீடுகளுக்கு நன்றி.

சுவிஸில் இருக்கும் அங்கத்தவர் ஒருவர் கொங்கிறீற் படிக்கென்று பணம் அனுப்பியிருந்தார். நிலைமையைச் சொன்னதும், அலவாங்கு, கயிறு வாங்கச் சம்மதித்தார். மிச்சப் பணம் வங்கியில் இருக்கிறது, கணக்கு மண்டபப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

சந்நிதிக்குக் கீழேயுள்ள கடைசி வளைவு திருப்தியாக வரவில்லை. அங்கே கல் போதவில்லை, மண்மூட்டை அடுக்கியிருக்கிறோம். வெயிலில் பை கிழிந்துவிடும் என்பதால் ஆடிக்குள் கல்லாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் இருவராவது போய்க் கானுக்குள் அடைந்த இலைகுழையை இழுத்துவிட வேண்டும்; பெயர் தர விரும்புபவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று: இரவலாக வாங்கிய காட்டுக்கத்தி ஒன்றைக் காணவில்லை. பிடியில் சிவப்பு வயர் சுற்றியது. யாருடைய வீட்டிலாவது இருந்தால் கோயிலடியில் வைத்துவிடுங்கள், உடையவர் தினமும் கேட்கிறார்.