பண்டை உயர்த்தினால் மட்டும் போதாது ஐயா

மாவட்ட வடிகால், நீர்ப்பாசன அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: கடலோரப் பண்டை (கடல்தண்ணீரைத் தடுக்கும் மண் கரையை) உள்ளே தள்ளிக் கட்டக் கோருதல்

வணக்கம் ஐயா. கோல சிலாங்கூர் கரையோரம், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய எங்கள் சின்னப் பட்டணத்து மக்கள் சார்பாக எழுதுகிறோம். பண்டை இன்னும் உயர்த்திக் கல் அடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். சரி, கடல் பெருக்கு நாளில் லயத்து வீட்டு வாசலில் உப்புத் தண்ணீர் நிற்பது யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அதே இடத்தில் உயர்த்தினால் வெளியே நிற்கும் அலையாத்திக் காடு போய்விடும், காடு போனால் அலை நேராகப் பண்டில்தான் வந்து மோதும்.

உலக அளவில் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. ஏறியிருக்கிறது, 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்று வேகம் கூடிவிட்டது. அலையாத்தி வேரில் சேற்றைப் பிடித்துத் தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும், ஆனால் ஏற்றம் ஆண்டுக்கு 6 மி.மீ.யைத் தாண்டினால் அதற்கும் ஈடுகொடுக்க முடியாது என்கிறது 2020இல் வந்த ஓர் ஆய்வு. அப்போது காடு கரைப்பக்கம் ஏறி வர வேண்டும். எங்கே வரும்? பின்னால் பண்டு மறித்து நிற்கிறதே.

வாட்டர் கேட் (பண்டில் இருக்கும் வடிகால் மதகு) பக்கம் வந்து பாருங்கள். அப்பி-அப்பி என்னும் அலையாத்தி மரங்களுக்கு அடியில் சேறு அரித்துப்போய் வேர் அந்தரத்தில் தொங்குகிறது. பண்டுக்கு உள்ளே முதல் சில வரிசைச் செம்பனைகளில் மட்டை நுனி காய்ந்து, குலையும் சிறுத்துவிட்டது. அப்புறம் அந்தக் கேட்டே கடல் வற்றும்போதுதான் திறக்கும், கடல் ஏற ஏறத் திறந்திருக்கும் நேரம் குறையும், பண்டு எவ்வளவு உயரமானாலும் மழைத்தண்ணீர் தோட்டத்துக்குள்தான் தேங்கும்.

அதனால் கேட்பது இதுதான்: மறுநடவுக்கு வெட்டப்போகும் அந்தக் கரையோர வரிசைகளை விட்டுக்கொடுக்கத் தோட்ட நிர்வாகத்திடம் பேசுங்கள், புதுப் பண்டை அதற்குப் பின்னால் போடுங்கள், பழையதை அங்கங்கே வெட்டிவிட்டால் கடல்தண்ணீர் உள்ளே வந்து போகும், விதையும் அதோடு மிதந்து வரும். படம் பிடிப்பதற்காக அலையடிக்கும் வெளிச்சேற்றில் பாக்காவ் என்னும் அலையாத்திக் கன்று நட வேண்டாம், அது அங்கே நிற்காது.

பண்டு வேலையைக் குத்தகை விடுவதற்கு முன் ஒரு நாள், தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து, தோட்ட நிர்வாகத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பண்டு மேல் நடந்துகொண்டே பேசலாம்.

இப்படிக்கு,
தோட்டப்புற மக்கள்