பிரசவத்துக்கு அப்புறம் வர்ற சாப்பாட்டுக் காசு: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தப் பத்திதான் எழுதுறேன். 1987ல 300 ரூபாயோட ஆரம்பிச்சது, இன்னிக்கு 18,000 ஆயிருக்கு, அதுல 14,000 பணமாவும் 4,000 ரூபாய்க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாவும் குடுக்குறீங்க, நாட்டுல எத்தனை மாநிலம் இப்படிச் செய்யுதுன்னு கேட்டா சத்தியமா பெருமையாத்தான் இருக்கு.

ஆனா பணத்துல பாதிக்கு மேல பிரசவத்துக்கு அப்புறம்தானே வருது? அது ஏங்க?

வீட்டுல பிரசவம் பார்க்காம ஆஸ்பத்திரிக்கு வரணும், தடுப்பூசிய விடாம போடணும், அதுக்காகப் பணத்தப் பிடிச்சு வச்சு குடுத்தீங்க, அன்னிக்கு அது சரி. இப்போ 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம்ம மாநிலத்துல 99.6 சதவீத பிரசவம் ஆஸ்பத்திரிலதான் நடக்குது. அதே கணக்கெடுப்புல கர்ப்பிணிகள்ல ரத்தசோகை 48.3 சதவீதம், அதுக்கு முந்தின கணக்குல 44.4. ஆஸ்பத்திரிக்கு வர வச்சாச்சு, உடம்புல ரத்தம் மட்டும் ஊறல.

எங்க சித்தி பொண்ணு பனியன் கம்பெனில வேலை பார்த்தா. ஏழாம் மாசம் நின்னு வேலை செய்ய முடியலன்னு வேலைய விட்டுட்டா, அதோட சம்பளமும் போச்சு, அதாவது நல்லா சாப்பிடவேண்டிய நேரத்துலதான் கையில காசு இல்ல. பெட்டகத்துல வந்த பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் வீட்டுல எல்லாருமா தின்னு தீர்த்தாச்சு (யாரையும் குத்தம் சொல்ல முடியாது, சின்னப் பசங்க இருக்குற வீடு). சத்து மாத்திரைய டீயோட முழுங்கிட்டு இருந்தா, டீ குடிச்சா அந்த இரும்புச்சத்து உடம்புல சரியா சேராதுன்னு யாரும் உக்காந்து சொல்லல. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பாஸ்புக்ல பின்னாடி, அதுக்காக தவணை நின்னுபோச்சு, நர்ஸம்மாவும் பாவம் எத்தனை தடவதான் என்ட்ரி போடுவாங்க. கடைசில மொத்தமா பணம் வந்தப்போ புள்ளைக்கு காது குத்துற நேரம், கம்மலுக்குப் போயிடுச்சு.

14,000 ரூபாய நாலாம் மாசத்துலேர்ந்து ஆறு மாசத்துக்குப் பிரிச்சுப் பாருங்க, ஒரு நாளைக்கு 75 ரூபாய்க்கு மேல வருது. ரெண்டு முட்டை, அரை லிட்டர் பால், கொஞ்சம் கடலை, கீரை, இதுக்கு தாராளமா போதும். கர்ப்பத்துல பின்பாதிலதான் குழந்தை எடை ஏறும், அப்போ தாய்க்கு தினமும் 350 கலோரி கூடுதலா வேணும்னு ஐசிஎம்ஆரே (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லுது. எடை கம்மியா பொறந்த புள்ளைய அப்புறம் தேத்துறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

முன்னாடியே குடுத்தா வீட்டுக்காரர் குடிச்சே அழிச்சிடுவாருன்னு சிலர் சொல்றாங்க. பணம் அவ பேர்ல இருக்குற அக்கவுண்ட்டுக்குதானே போகுது, பிரசவத்துக்கு அப்புறம் குடுத்தா மட்டும் அவர் குடிக்க மாட்டாரா என்ன?

அதனால கேக்குறது இதுதான். பெரும்பங்க நாலாம் மாசத்துலேர்ந்து மாசாமாசம் போடுங்க, தடுப்பூசிக்குன்னு ஒரு சின்ன தொகைய மட்டும் கடைசிக்கு வைங்க. பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்தா பணத்த நிறுத்தாதீங்க, போட்டுட்டு அப்புறம் திருத்திக்கலாம். பெட்டகம் குடுக்குற அன்னிக்கு மாமியாரையும் கூட வரச் சொல்லுங்க, ஏன்னா நிறைய சாப்பிட்டா புள்ள பெருசாகி ஆபரேஷன் ஆயிடும்னு தட்டுல சோத்தக் குறைக்கிற மாமியாருங்க இன்னும் இருக்காங்க, நம்ம சொன்னா கேக்க மாட்டாங்க, நர்ஸம்மா சொன்னா கேப்பாங்க. சட்டசபையில உங்க துறைக்குப் பணம் ஒதுக்கக் கேக்குற அடுத்த மானியக் கோரிக்கையில இத அறிவிச்சீங்கன்னா இப்போ நாலாம் மாசத்துல இருக்குறவங்களுக்கு இல்லாட்டியும் அடுத்து வர்றவங்களுக்காவது உதவும்.