லாயர்டீஸின் தோட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகன் நான்கு வருஷம் கழித்து ஊருக்கு வந்திருக்கிறான், ஆனால் பத்து நிமிஷத்துக்கு மேல் அவனோடு என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிஸியின் கடைசிக் காண்டம், 24ஆம் காண்டம், மனசிலேயே நிற்கிறது. நேற்று ராத்திரி எடுத்து மறுபடி படித்தேன்.

ஒடிஸியில் அப்பா, மகன் என்றால் எல்லோரும் ஒடிசியஸையும் டெலமாக்கஸையும்தான் சொல்வார்கள். பன்றி மேய்ப்பவனின் குடிசையில் இருவரும் கட்டிக்கொண்டு அழுவது பெரிய காட்சிதான். எனக்கு என்னவோ ஒடிசியஸின் அப்பா, கிழவர் லாயர்டீஸிடம்தான் மனசு போகிறது.

டிராய் போரும் கடல் அலைச்சலுமாக 20 வருஷம் கழித்து மகன் ஒடிசியஸ் சொந்தத் தீவான இதாகா திரும்பிவிட்டான். அவன் மனைவி பெனலோப்பியைக் கல்யாணம் செய்துகொள்ள வந்து வீட்டையே தின்று தீர்த்தவர்களைக் கொன்றும் ஆயிற்று. அப்புறம்தான் அப்பாவைத் தேடித் தோட்டத்துக்குப் போகிறான். அங்கே அவர் தனியாக ஒரு செடியைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கிறார். ஒட்டுப்போட்ட அழுக்குச் சட்டை. முள் கீறாமலிருக்கக் காலில் மாட்டுத்தோல், கையில் உறை. தலையில் ஆட்டுத்தோல் தொப்பி. அரசனைப் பெற்றவர்! பேரி மரத்தடியில் நின்று அதைப் பார்த்து அழுகிறான் மகன்.

அழுதவன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ள வேண்டாமா? வெளியூர்க்காரன் போலப் பேசி ஆழம் பார்க்கிறான். உங்கள் மகன் என் வீட்டிலிருந்து கிளம்பி ஐந்தாவது வருஷம் என்கிறான். கிழவர் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி நரைத்த தலையில் போட்டுக்கொள்கிறார். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஒடிசியஸ் மேல் கோபம் வருகிறது. பொய் சொல்லியே உயிர் பிழைத்து வந்தவனுக்கு அப்பா முன்னாலும் வேறு பேச்சு வரவில்லை.

நான்தான் உங்கள் மகன் என்றதும் அவர் அடையாளம் கேட்கிறார். காட்டுப்பன்றி குத்திய தழும்பைக் காட்டுகிறான். அதோடு விடவில்லை. சின்னப் பையனாக உங்கள் பின்னாலேயே வந்து ஒவ்வொரு மரத்தையும் கேட்டேனே, நீங்கள் பெயர் சொல்லி எனக்கென்று கொடுத்தீர்களே என்று எண்ண ஆரம்பிக்கிறான். பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, திராட்சை 50 வரிசை. கிழவருக்கு முழங்கால் தளர்ந்துவிடுகிறது. மகன் மேல் சாய்கிறார்.

தழும்பை வைத்து அவனை வளர்த்த தாதியே கண்டுபிடித்திருந்தாள். மரக் கணக்கு இவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே உள்ளது. அலெக்சாண்டிரியாவின் பழைய அறிஞர்கள் சிலர், கணவனும் மனைவியும் சேர்வதோடு 23ஆம் காண்டத்திலேயே காவியம் முடிந்தது என்றார்கள். அப்படியானால் லாயர்டீஸ் மகனைப் பார்க்காமலே போயிருப்பார். என்னால் அதை ஒப்புக்கொள்ளவே முடியாது.

உன் பையன் உன் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார்ந்து கடைவீதிப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வருவானே, எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. நாளைக்கு அவனை அந்த வீதிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போயேன். எந்தக் கடை எங்கே இருந்தது என்று அவனே சொல்வான்.

எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அவன் கிளம்புவதற்குள் ஒருநாள் வருகிறேன். நானும் அவனைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்