டைம்அவுட் ஏன் மாறவில்லை?

அன்புள்ள குமரா,

கடிதம் கண்டேன். புது வேலை பிடித்துப்போனதில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். நேரே உன் பைத்தான் டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

டெஸ்ட்டுக்குள் கான்ஃபிக்.டைம்அவுட்டை (கான்ஃபிக் ஃபைலில் உள்ள காத்திருப்பு நேரத்தை) 30-லிருந்து 1 ஆக்கியும் டெஸ்ட் 30 நொடி காத்துக் கிடக்கிறது என்கிறாய். அந்த மதிப்பைப் பயன்படுத்தும் கிளையன்ட் ஃபைலின் தலைப்பில் ‘ஃப்ரம் கான்ஃபிக் இம்போர்ட் டைம்அவுட்’ என்று இருக்கிறதா பார். அந்த வரி ஓடியதுமே கிளையன்ட் மாட்யூலுக்குள் (அதாவது அந்த ஃபைலுக்குள்) தனியாக ஒரு பெயர் உருவாகி 30-ஐப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கான்ஃபிக்கில் நீ என்ன மாற்றினாலும் அதற்கு எட்டாது. பேட்ச் செய்ய (டெஸ்ட்டுக்காக மாற்றி வைக்க) வேண்டியது கிளையன்ட்.டைம்அவுட்டை. இல்லையேல் ‘இம்போர்ட் கான்ஃபிக்’ என்று மட்டும் எழுதி, தேவைப்படும் இடத்தில் கான்ஃபிக்.டைம்அவுட் என்றே கேள். எனக்கு இதுதான் பிடிக்கும். எந்தெந்த ஃபைல் எப்படி இம்போர்ட் செய்தது என்று தேடி அலைய வேண்டாம்.

அதற்கும் மசியவில்லையா? ஃபங்ஷன் தொடங்கும் டெஃப் வரியைப் பார். டிஃபால்ட் ஆர்கியூமென்ட்டாக (கூப்பிடுபவர் மதிப்பு தராதபோது எடுத்துக்கொள்வதாக) கான்ஃபிக்.டைம்அவுட் இருந்தால், ஃபங்ஷனை வரையறுக்கும்போதே ஒரே தடவை அதன் மதிப்பு எடுக்கப்பட்டுவிடும். டிஃபால்ட்டை ‘நன்’ (None, அதாவது மதிப்பு இல்லை) ஆக்கு. உள்ளே ‘இஃப் டைம்அவுட் இஸ் நன்’ என்று பார்த்து அப்போது கான்ஃபிக்.டைம்அவுட்டைப் படி.

தனியாக ஓடினால் பாஸ், மொத்தமாக ஓடினால் ஃபெயில் என்று எழுதியிருந்தாயே, பெரும்பாலும் ஏதோ ஒரு டெஸ்ட் நேரடியாக மதிப்பை மாற்றிவிட்டுத் திரும்ப வைக்காமல் போயிருக்கும். டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டின் மங்கிபேட்ச்.செட்ஆட்டரால் மாற்றினால், அது டெஸ்ட் முடிந்ததும் தானே பழையதை வைத்துவிடும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் ஆட்ரிபியூட்எர்ரர் என்று கத்தவும் செய்யும்; அதை அடக்க ‘ரெய்சிங்=ஃபால்ஸ்’ போடாதே. மாற்ற வேண்டியது டிக்ஷனரிக்குள் இருந்தால் மங்கிபேட்ச்.செட்ஐட்டம்.

என்விரான்மென்ட் வேரியபிளை (புரோகிராமுக்கு வெளியே சிஸ்டத்தில் வைக்கும் மதிப்பை) மாட்யூலின் மேல்மட்டத்திலேயே படிக்கிறீர்கள் என்றால் அதை மாற்றும் மங்கிபேட்ச்.செட்என்வ் போட்டுப் பயனில்லை, இம்போர்ட் நடந்து முடிந்திருக்கும். மாட்யூலை ரீலோட் செய்யச் சொல்வார்கள், அதைக் கேட்காதே. அந்த மாட்யூலின் கிளாஸ்கள் எல்லாம் புதிதாக உருவாகும். பழைய எக்ஸெப்ஷன் (பிழை) கிளாஸை வைத்திருக்கும் ‘எக்ஸெப்ட்’, புதியதைப் பிடிக்காது. வேரியபிளைப் படிக்கும் வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளு. அதன்மேல் எல்ஆர்யூ கேஷ் (முன்பு வந்த விடையை நினைவில் வைத்துத் திருப்பித் தருவது) இருந்தால், ஃபிக்ஸ்சரில் (டெஸ்ட்டுக்கான ஏற்பாடுகளைச் செய்யும் ஃபங்ஷனில்) டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் கேஷ்_கிளியர் கூப்பிடு.

இவ்வளவுக்கும் பிறகு ஃபெயில் ஆனால் பொதுவான ஃபிக்ஸ்சர்களை வைக்கும் கான்ஃப்டெஸ்ட் ஃபைலை அப்படியே அனுப்பு, பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்