திருப்பணி நிறைவு அறிக்கை: ஒழுங்கையில் கொட்டிய காசு

மாங்குளம் முல்லைத்தீவு வீதிப் பிள்ளையார் ஆலய அங்கத்தவர்களுக்கும், உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உபயகாரர்களுக்கும்,

கும்பாபிஷேகத்துக்குப் பின்னான மண்டலாபிஷேகமும் முடிந்து, பந்தல் பிரித்து, வாடகைக் கதிரைகளையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இந்த அறிக்கை ஒன்றுதான் மிச்சம். 2021 இல் திருப்பணிக்காகச் சுவாமியைத் தற்காலிக இடத்தில் வைத்துப் பாலஸ்தாபனம் செய்தபோது, "இரண்டு வருடத்தில் கும்பாபிஷேகம்" என்று ஒலிவாங்கியில் சொன்னவன் நான்தான். நான்கு வருடங்கள் போயின. அதை மறைக்க எனக்கு வழியும் இல்லை, மனமும் இல்லை.

யாருக்கும் சண்டை இல்லாத வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூலஸ்தானத் தளத்தின் ஒழுக்கு அடைக்கப்பட்டது. மடைப்பள்ளிக்குப் புதுக் கூரை. வசந்த மண்டபத்துக்குத் தரை. மகாமண்டபத்தில் நான்கு கருங்கல் தூண்கள். வைரவர் கோயில் அடியிலிருந்து கட்டப்பட்டது. கிணற்றுக்கட்டு, மதில், வர்ணம் எல்லாம் நிறைவு. பற்றுச்சீட்டுகள் தனாதிகாரியிடம் மூன்று கோப்புகளில் இருக்கின்றன; வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வருபவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் நீங்கள் இந்த அறிக்கையைக் கையில் எடுத்தது மடைப்பள்ளிக் கூரைக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும். "கோயிலுக்குத் தந்த காசை ஒழுங்கையில் கொட்டிவிட்டார்கள்" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். பின்வரிசையில் கைதட்டினார்கள். மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக, முல்லைத்தீவு வீதியிலிருந்து கோயில் வாசல் வரையான ஒழுங்கைக்கும், அதன் நடுவே வாய்க்காலைக் கடக்கும் மதகுக்கும் போயிருக்கிறது. உண்மை. பஸ் சாரதியாக இருந்த எனக்கு வீதியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது என்று கேலி செய்தவர்களும் உண்டு. அதுவும் ஓரளவு உண்மை. ஆனாலும் இந்தக் கோயிலின் கதையை வீதியை விட்டுவிட்டுச் சொல்ல என்னால் முடியாது.

மாங்குளத்தை ஊராக்கியதே அங்குள்ள நாற்சந்திதான். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் கண்டி வீதியில், தெற்கே வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று வந்து, வடக்கே முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போகும் வழியின் நடுவில் அது இருக்கிறது. மேற்கே ஒரு வீதி மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளத்துக்குப் போய் மன்னார் வீதியைத் தொடுகிறது. கிழக்கே ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று ஏறக்குறைய 50 கிலோமீற்றர் போனால் முல்லைத்தீவுக் கடல். 1905 இல் ரயில் பாதையும் வந்து சேர்ந்தது; 1956 இல் யாழ்தேவி ரயில். வன்னியில் எந்தத் திசைக்குப் போகிறவனும் ஒரு தேநீராவது குடிக்க நிற்கும் இடம் மாங்குளம்.

நமது பிள்ளையார் அந்தக் கிழக்கு வீதியின் பிள்ளையார். முல்லைத்தீவிலிருந்து கருவாடும் உப்பும் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர்கள், இரவில் யானைக்குப் பயந்து வண்டிகளை அவிழ்த்துவிட்ட இடத்தில் வைத்த கல் என்றுதான் எங்கள் பாட்டன்மார் சொன்னார்கள். ஆகமம் தெரிந்தவர் வைத்த கல் அல்ல, வழியில் போனவன் வைத்த கல். இதே திசையில் ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில்தான், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் தோல்வியைச் சொல்லி வெள்ளைக்காரன் நடுகல் நாட்டினான். 1803 ஆவணியில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவனை அடக்க, மன்னார்ப் பக்கமிருந்து காட்டுவழியே படை நடந்து வந்தது. வழியால் வாழ்வும் வந்தது, வழியால்தான் அழிவும் வந்தது.

இளையவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். 1990 ஆனியில் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. வன்னிக்குச் சீமெந்து தடைப் பொருளானது; அப்போது இடிந்த வைரவர் மாடத்தைக் களிமண்ணாலும் பனங்குற்றியாலும் நிறுத்திவைத்தோம். 1997 வைகாசியில் கண்டி வீதியைப் பிடிக்கும் சண்டை வவுனியாவிலிருந்து மேலே ஏறியது. 1998 இல் மாங்குளத்தை அது எட்டியபோது, எழுந்தருளிப் பிள்ளையாரைச் சாக்கில் சுற்றி உழவு இயந்திரப் பெட்டியில் வைத்து மல்லாவிப் பக்கம் கொண்டுபோனோம். 2002 இல் வீதி திறந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வருடம்தான் திருவிழா நடந்தது. 2006 ஆகஸ்ட் 11 ஆம் திகதி மறுபடியும் மூடியது. 2008 கார்த்திகையில் மாங்குளம் மீண்டும் கைமாறியபோது, பிள்ளையாரை எடுத்துச் செல்ல உழவு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய்கூட இல்லை. கிழக்கே போன சனத்தோடு நாங்களும் போனோம். திரும்பி வந்தது செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்குப் போன முதல் ரயிலைப் பார்க்க மாங்குளம் நிலையத்தில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். பக்கத்தில் நின்றவர் அழுதார், நான் அழவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

இத்தனையையும் எழுதியது இரக்கம் தேட அல்ல. வீதி மூடிய காலமெல்லாம் இந்தக் கோயிலில் விளக்கு அணைந்தே இருந்தது. கணக்கு அவ்வளவுதான்.

இனி மதகு.

2021 மார்கழி மழையில், மகாமண்டபத் தூண்களை ஏற்றி வந்த லொறி ஒழுங்கையின் நடுவே வாய்க்கால் கடக்கும் இடத்தில் அச்சு வரை புதைந்தது. பழைய மதகு என்பது இரண்டு பாலைக் குற்றியும் மேலே மண்ணும். லொறியை இழுக்க இரண்டு நாட்களும் மூன்று உழவு இயந்திரங்களும் தேவைப்பட்டன. ஒரு தூண் வெடித்தது. இன்று மகாமண்டபத்தில் இடப்பக்கம் பின்னால் நிற்கும் தூணின் நிறம் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அதை மாற்றிப் போட்டோம். அந்தக் கிழமையே நிர்வாகக் குழு கூடி, ஒழுங்கை முடியாமல் இனிக் கல்லும் மணலும் இறக்குவதில்லை என்று முடிவெடுத்தது. குழுவில் ஒன்பது பேர், இருவர் எதிர்த்தார்கள். அதில் ஒருவர்தான் பின்னர் மதகு வேலைக்குத் தினமும் வந்து நின்றவர். இதையும் பதிவுசெய்ய வேண்டும்.

2022 தை மாதத்தில் ஒரு ஒப்பந்தகாரரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தோம்: மூன்றடி விட்டமுள்ள ஹியூம் குழாய் (கொங்கிறீற் குழாய்), இருபக்கமும் கொங்கிறீற் சிறகுச் சுவர், 250 மீற்றர் நீளத்துக்குக் கிறவல் (சரளை மண்) பரவி உருளை உருட்டுதல். முற்பணமும் கொடுத்தோம். விலை ஏறினால் யார் ஏற்பது என்ற ஒரு வரியை எழுதவில்லை. அது எங்கள் தவறு, குறிப்பாக என்னுடையது. 2021 தொடக்கத்தில் 1,000 ரூபாய் சுமாரில் வாங்கிய சீமெந்துப் பை அடுத்த ஆண்டில் 3,000 ரூபாய் வரை போகும் என்றும், 121 ரூபாய் டீசல் 2022 ஆனிக் கடைசியில் 460 ரூபாய் ஆகும் என்றும் அந்தத் தை மாதத்தில் சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

ஒப்பந்தகாரர் கொண்டுவந்து இறக்கிய குழாய்கள் இரண்டடி. ஆறு குழாய்கள். மூன்றடி கிடைக்கவில்லை, இரண்டு வரிசையாக இரண்டடி போட்டால் அதுவும் நாலடிதானே என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை தடியை எடுத்து மண்ணில் வட்டம் கீறிக் காட்டினார். தண்ணீர் போவது வட்டத்தின் பரப்பால். பரப்பு ஆரத்தின் வர்க்கத்தால். ஓரடி ஆரம் இரண்டு என்றால் இரண்டு பங்கு. ஒன்றரை அடி ஆரம் ஒன்று என்றால் இரண்டேகால் பங்கு. இரண்டு சிறிய குழாய்கள் சேர்ந்தும் ஒரு பெரிய குழாய்க்கு வராது. அதற்கு மேல், மாரியில் வாய்க்கால் கொண்டுவரும் முள்ளும் கொப்பும் சின்ன வாயில்தான் முதலில் அடைக்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை இன்னொரு தடவை சொல்லத் தேவையில்லை. குழாய்களைத் திருப்பி எடுக்கச் சொன்னோம். அவர் எடுக்கவில்லை.

ஆடியில் அவர் டீசல் இல்லை என்று கலவை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். டீசல் இல்லை என்பது பொய்யல்ல. நாடு முழுவதும் வரிசையில் நின்றது. ஆனால் ஒழுங்கையின் குறுக்கே ஆறடிப் பள்ளம் தோண்டியபடி இருந்தது. குருக்கள் ஐயா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பால் வந்து பூசை செய்தார். ஆவணி முழுவதும் தொலைபேசியில் பேச்சு. ஒரு நாள் அவர் என்னை "அண்ணை" என்றார், மறுநாள் "செயலாளர்" என்றார். "அண்ணை" என்ற நாட்களில் காசு கேட்டார். பொலிசில் முறைப்பாடு செய்யச் சொல்லிச் சிலர் நின்றார்கள். நான் மறுத்தேன். வழக்கு ஓடும், மழை அதற்காகக் காத்திராது.

புரட்டாதியில் அவர் வீட்டுக்கே போனோம், நாலு பேர். அவருக்கும் கூலி பாக்கி நின்ற மேசன்மார் வாசலில் இருந்தார்கள். இரவு பத்து மணிவரை பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்: மூன்றடிக் குழாயை அவரே கொண்டுவருவது; சீமெந்து விலையேற்றத்தில் பாதி நமது, பாதி அவரது; கூலி மிச்சப்பட, கிறவல் பரவும் வேலையை ஊர் சிரமதானமாகச் செய்வது; பழைய இரண்டடிக் குழாய்களின் விலை முற்பணத்தில் கழியாது, குழாய்கள் கோயிலுக்கே. இந்த இணக்கத்தைத்தான் "ஒப்பந்தகாரருக்குக் காசைத் தூக்கிக் கொடுத்தார்கள்" என்று சொல்கிறீர்கள். பாதி ஏற்றத்தை நாங்கள் ஏற்காவிட்டால், புதியவர் ஒருவர் அன்றைய விலையில் முழுவதையும் கேட்டிருப்பார். மூன்று பேரிடம் விலை கேட்டோம். கடிதங்கள் கோப்பில் உள்ளன. கார்த்திகை முதற்கிழமை மதகு வேலை முடிந்தது. இரண்டாம் கிழமை மழை பிடித்தது.

2024 கார்த்திகை மழையில் ஒழுங்கையின் இருபக்க வயலும் கடலாய்க் கிடந்த நாளில், மதகின் மேல் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டவர், சென்ற கூட்டத்தில் கைதட்டிய பின்வரிசைக்காரர்தான். பெயர் சொல்லவில்லை. படம் நல்ல படம்.

டொலர் விடயம். 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ஆனபோது வெளிநாட்டுக் காசு "இரட்டித்த" லாபம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். வந்த ஒவ்வொரு தொகையும் வங்கியில் விழுந்த நாளின் பெறுமதியிலேயே பதியப்பட்டது. பெருந்தொகைகள் 2022 மாசிக்கு முன்பே வந்து ரூபாயாகிவிட்டன. ஏற்றத்துக்குப் பிறகு வந்தவை குறைவு. லாபம் வந்ததைவிட விலையேற்றம் தின்றது அதிகம்.

உபயகாரர் பெயர்கள் மதிலில் கல்லில் இருக்கின்றன. இங்கே அச்சிட்டால் யார் பெயர் முன்னே என்று இன்னொரு கூட்டம் வைக்க வேண்டி வரும். ஆனாலும் நன்றி சொல்லாமல் விட முடியாது: தூண்களைத் தந்த லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ, சூரிச் பிள்ளைகள்; மடைப்பள்ளிக் கூரை தந்த மல்லாவிக் கடைக்காரர்; தரைக்கல் தந்த ஒட்டுசுட்டான் சகோதரிகள் மூவர்; வைரவர் கோயிலை முழுவதும் ஏற்ற, பெயர் போடாதே என்ற குடும்பம்; கும்பாபிஷேகத்துக்கு நெய் தந்த கரிப்பட்டமுறிப்புப் பண்ணையாளர்கள்; கூலி வாங்காமல் கிறவல் ஏற்றிய உழவு இயந்திரக்காரர் ஐவர்; அன்னதானத்துக்கு அரிசி தந்த முத்தையன்கட்டு விவசாயிகள்; ஒவ்வொரு சிரமதானத்துக்கும் தேநீர் ஊற்றிய சந்திக் கடை அம்மா; கையில் இருந்த கடைசி நூறு ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துபோன முதியவர். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு அது என்று பிறகுதான் தெரிந்தது.

செயலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன். கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். இம்முறை திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. இரண்டடிக் குழாய்கள் ஆறும் அரசமரத்தடியில் கிடக்கின்றன. நான்கைச் சின்னப் பிள்ளைகள் விளையாடப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றில் நாய் குட்டி போட்டிருக்கிறது. வயலுக்கு மதகு போட விரும்புபவர்கள் தனாதிகாரியிடம் விலை பேசலாம். நாய்க்குட்டிகள் கண் திறக்கும்வரை அந்த ஒன்றைத் தரமாட்டோம்.

செயலாளர்,
ஆலய பரிபாலன சபை