பிறீசரில் இடம் தந்த அண்ணைக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று 37ஆவது புத்தகமும் காய்ந்துவிட்டது. இன்னும் மூன்றுதான் மிச்சம். எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதுவரை பொறுத்தால் இப்போது நெஞ்சில் இருக்கிற ஈரமும் காய்ந்து, "உதவிய அனைவருக்கும் உளமார்ந்த நன்றிகள்" என்று கல்யாண மண்டப மைக்கில் சொல்வது போல ஆகிவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

மேல்வீட்டுத் தண்ணி இறங்கி என் புத்தகத் தட்டு நனைந்த அந்தச் சனிக்கிழமை இரவைப் பற்றித் திரும்பவும் எழுத எனக்குத் தெம்பில்லை. வந்து பார்த்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்களுக்குப் படம் வந்திருக்கும். மேல்வீட்டுப் பிள்ளைகளில் எனக்குக் கோபம் இல்லை. காப்புறுதிக்காரர் போனில் "பழைய புத்தகம் 40, பெரிய பெறுமதி ஒன்றும் இல்லை" என்று சொன்னதுதான் தைத்தது. சந்தை விலையைப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையும் இல்லை. டென்ற் என்கிற லண்டன் பதிப்பகம் 1894இல் இருந்து ஒவ்வொன்றாக வெளியிட்ட 'ரெம்பிள் ஷேக்ஸ்பியர்' அவை. சட்டைப் பைக்குள் அடங்குகிற புத்தகங்கள். அந்தக் காலத்திலேயே ஒன்று ஒரு ஷில்லிங். இலட்சக்கணக்கில் விற்றவை, அரிய பொருள் என்று சொல்ல ஏலாது.

ஆனால் அந்த 40இல் 11 புத்தகங்கள் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், அப்பாவின் சைக்கிள் கரியரில் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போனவை. உரப்பைக்குள் கீழே அரிசி, நடுவில் அம்மாவின் மருந்து, மேலே லியர் அரசன். "சின்னப் புத்தகம் எண்டபடியால் தப்பினது, பெரிய ஆக்களெல்லாம் வீட்டோடை போட்டினம்" என்று அப்பா சொல்லுவார். விட்டுவிட்டு வந்த பெரிய புத்தகங்களைத்தான் 'பெரிய ஆக்கள்' என்பார். மிச்சம் 29ஐயும் லண்டன் வந்த பிறகு சரிட்டி கடைகளிலும் சாறிங் குறொஸ் றோட்டிலும் தேடித் தேடி 14 வருடத்தில் சேர்த்தார். கடைசியாகக் கிடைத்தது 'பெரிக்கிளிஸ்'. கப்பல் உடைந்து, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் மகளைக் கண்டுபிடிக்கிற கதை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதே கீழ்த்தட்டில்தான் என்னுடைய 26 கொப்பிகளும் இருந்தன. இங்கே முதல் முதல் வந்து இறங்கின எங்கடை ஆட்கள், பெற்றோல் ஷெட் இரவு வேலை, ஒரே அறையில் ஏழு பேர், முதல் பனி, வராத கடிதம் என்று சொல்லச் சொல்ல நான் எழுதினவை. கீழ்த்தட்டில் வைத்தது என் பிழை.

ஞாயிறு விடியத்தான் எனக்கு அந்தத் தொலைபேசி வந்தது. என் மாணவி ஒருத்தியின் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, பழைய நூல்களைத் திருத்துகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "துடைக்காதே, திறக்காதே, ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதே. இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அதுக்கு முதல் உறைய வை" என்றார். உறைந்துவிட்டால் பூஞ்சணமும் நிற்குமாம், மையும் மேலும் பரவாதாம். பிறகு இரண்டு மூன்றாக எடுத்து ஆறுதலாகக் காயவைக்கலாமாம். என் வீட்டு பிறீசரில் முருங்கைக்காயையும் றொட்டிப் பைக்கற்றையும் வெளியே எடுத்துப் போட்டும் ஆறு புத்தகம்தான் போனது.

பிறீசர் பைகள் வாங்குவோம் என்று ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருமுனைத் தமிழ்க்கடைக்குப் போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. கையில் சொட்டிக்கொண்டிருந்த ஒரு சொப்பிங் பை. அதை ஏன் கொண்டுபோனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை போல.

கடைக்கார அண்ணைக்கும் எனக்கும் பெரிய பழக்கம் இல்லை. நாலு வருடத்துக்கு முதல், "அண்ணை, உங்கடை கதையையும் எழுதுவமே?" என்று கேட்டபோது, "என்ரை கதையிலை என்ன கிடக்கு ரீச்சர், எல்லாருக்கும் நடந்ததுதான்" என்று கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டே முடித்துவிட்டவர். அதற்குப் பிறகு "அறக்குளா எவ்வளவு", "மிச்சக் காசு" தவிர நாங்கள் வேறொன்றும் கதைத்ததில்லை.

பையைப் பார்த்தார். "என்னது மீனோ?" என்றார். சொன்னேன். முழுதாகச் சொல்லி முடித்தேனோ தெரியாது. அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடி மூடி போட்ட இரண்டு பெரிய பிறீசரில் ஒன்றைத் திறந்து, கணவாய், இறால், அறக்குளாத் துண்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினார். கொஞ்சத்தைப் பின் அறைக்குக் கொண்டுபோனார், கொஞ்சத்தை மற்றப் பெட்டிக்குள் அடைத்தார். இரண்டிலும் அடங்காததைத் தம்பி முறையான பெடியனைக் கூப்பிட்டு, "வீட்டை கொண்டுபோய் அண்ணியிட்டைக் குடு, இண்டைக்குச் சமைக்கச் சொல்லு" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் எத்தனை கிலோ இறால் சமைத்தார்களோ.

பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரீச்சர், புத்தகத்துக்கு மீன் மணம் வருமோ?"

அந்த இரவுக்குப் பிறகு நான் முதன்முதலாக அழுதது அப்போதுதான்.

அவர் உள்ளே போய் சவர்க்காரத் தண்ணியில் பெட்டியைக் கழுவி, துடைத்து, வெறும் காற்றில் அரை மணித்தியாலம் விட்டார். வானில் என் வீட்டுக்கு வந்தார். பாண் வருகிற பிளாஸ்ரிக் தட்டுகளில் புத்தகங்களை முதுகு கீழே பார்க்க அடுக்கினார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைக்குத் திரும்பி, எண்ணெய்த்தாளை வெட்டி ஒவ்வொன்றையும் சுற்றினோம். நான் ஒன்று சுற்ற அவர் நாலு சுற்றினார். 30 வருடம் மீன் சுற்றின கை. இறுக்காமல், மடிப்பு பிசகாமல், ஒரு ஓரமும் நசியாமல்.

ஒவ்வொரு பொதியின் மேலும் கறுப்பு மாக்கரால் பெயர் எழுதினார். நான் சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தில்: ஹம்லெட். ஒதெல்லோ. 12ஆம் இரவு. கை பழக்கத்தில் 'மக்பெத்'துக்குக் கீழே 'கிலோ' என்று எழுதி, பிறகு வெட்டினார். அந்தத் தாளை எறிய மாட்டேன். பெட்டியின் கண்ணாடியில் ஒரு மட்டை: "இதுக்குள்ளை மீன் இல்லை. புத்தகம். திறக்க வேண்டாம்." கீழே பெடியன் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினான். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் மீன் வாங்க வந்தவர்கள் குனிந்து கண்ணாடிக்குள்ளால் ஒதெல்லோவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கரண்ட் காசாவது எடுங்கோ என்று கெஞ்சினேன். "பிளக் எப்பவும் போட்டுத்தானே கிடக்கு" என்றார். அந்தப் பெட்டியால் அவருக்கு எவ்வளவு வியாபாரம் போயிருக்கும் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஒவ்வொரு செவ்வாயும் கடை பூட்டின பிறகு மூன்று நாலு பொதியை எடுத்து, பின் அறை மேசையில் அவிழ்ப்போம். தாளுக்கிடையில் சமையலறைத் தாள் வைத்து, ஈரம் இழுத்ததும் மாற்றி, பிறகு விசிறி போல நிறுத்தி வைக்க வேண்டும். பொறுமையான வேலை. வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் அவர், "உந்த ஷேக்ஸ்பியர் எங்கை இருந்தவர், லண்டனிலையோ?" என்று கேட்டார்.

எனக்கு அப்பா சொன்ன வழக்கு நினைவுக்கு வந்தது. ஷேக்ஸ்பியர் கொஞ்சக் காலம் சில்வர் ஸ்ட்ரீற்றில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர் மவுன்ற்ஜோய் ஊர் விட்டு வந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துக்காரர், பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து விற்கிறவர். அவருடைய மகளைக் கடையில் வேலை பழகின பெடியனுக்குச் செய்துவைக்க, தாய் ஷேக்ஸ்பியரைத்தான் தூது விட்டாள். 1604இல் கல்யாணம் நடந்தது. பேசின சீதனம் வரவில்லை. மருமகன், 60 பவுண் தருவதாகச் சொன்னார்கள் என்று வழக்குப் போட்டான். 1612 மே மாதம் ஷேக்ஸ்பியர் சாட்சி சொல்லப் போனார். போய்ச் சொன்னது: கல்யாணம் பேசினது உண்மை, ஆனால் தொகை எவ்வளவு என்று நினைவில்லை. கடைசியில் பிரெஞ்சுத் தேவாலயத்துப் பெரியவர்கள் ஏழு பவுணும் வராத ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்லி முடித்தார்கள்.

அண்ணை தாளை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "நினைவில்லையாமோ! ஊரிலை எல்லாத் தரகரும் உதைத்தானே சொல்லுறவை!" என்றார். பிறகு, "அப்ப வந்தேறினவை வீட்டிலை இருந்தோ ரீச்சர் அந்தாள் எழுதினது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகுதான் தன் கதையைத் தொடங்கினார். இரவு 11 மணி மட்டும் சொன்னார். நான் பேனை எடுக்கவில்லை. முடிவில், "இது எழுதுறதுக்கில்லை ரீச்சர், உங்களுக்குத்தான்" என்றார். அதனால் அது இங்கே இல்லை.

ஒவ்வொரு புத்தகத்தின் முன்பக்கத்திலும் பதிப்பாசிரியர் பெயர் இஸ்ரேல் கோலன்ஸ் என்று இருக்கும். சிறுவயதில் இருந்து பார்த்த பெயர், யாரென்று தேடினதே இல்லை. காயவைக்கிற இந்த நாட்களில்தான் தேடினேன். போலந்துப் பக்கத்தில் இருந்து லண்டன் வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்து அப்பா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த குறிப்புகளும் ஒரு குடியேறியின் மகன் எழுதினவை. 1916இல் அதே கோலன்ஸ் தொகுத்த ஷேக்ஸ்பியர் நினைவு மலரில் எங்கள் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் நாலு நாள் நித்திரை கொண்டிருக்க மாட்டார்.

அப்பாவின் தடிப் புத்தகம் ஒன்று மட்டும் வீங்கிக் கோணிப்போயிற்று. ஷேக்ஸ்பியர் பெயரில் உலாவுகிற சந்தேக நாடகங்களின் 1908ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதில் எட்டாம் ஹென்றி அரசனுக்கு அமைச்சராக இருந்த தோமஸ் மோரைப் பற்றிய நாடகம் இருக்கிறது. 1517இல் லண்டன் சனம் வெளிநாட்டாரை அடித்துத் துரத்தக் கிளம்பியபோது, பிள்ளைகளை முதுகில் சுமந்து மூட்டையோடு துறைமுகத்துக்கு நடக்கிற அந்நியரை மோர் அவர்கள் கண் முன் கொண்டுவருகிற இடம். நாடகத்தின் மூலக் கைப்பிரதியில் அந்தப் பகுதியின் கையெழுத்து ஷேக்ஸ்பியருடையது என்றுதான் ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அந்தப் பக்க ஓரத்தில் அப்பா பென்சிலால் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. பென்சில் கரையாது.

மை கரைந்தது. மசிப்பேனையால் எழுதின என் இரண்டு கொப்பிகள் நீலக் குளமாகப் போயின. அதில் ஒன்று, மூன்று வருடத்துக்கு முதல் காலமான ஓர் ஆச்சியின் கதை, 14 பக்கம். அதைத் திரும்பக் கேட்க ஆள் இல்லை. மகள் கேள்விப்பட்டு வந்து, "அம்மா எனக்குச் சொன்னதை நான் சொல்லுறன்" என்று இரண்டு பின்னேரம் இருந்தார். அவருக்கு நான் என்ன சொல்ல.

மற்ற எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது, குறை நினைக்காதீர்கள்: சமையலறைத் தாளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கின சனிக்கிழமைப் பள்ளிப் பெற்றோர், நாலு மின்விசிறி தந்த கீழ்வீட்டு வங்காளி அக்கா, காப்புறுதிக்காரருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித்தந்த தம்பி, புட்டும் சம்பலும் அனுப்பினவர்கள், ஹெயார் டிரையர் கொண்டு ஓடிவந்து நான் "ஐயோ வேண்டாம்" என்று கத்த மனம் நோகாமல் நின்ற பிள்ளை, போனில் சொன்ன நாலு சொல்லால் எல்லாவற்றையும் காப்பாற்றின அந்த வெள்ளைக்கார அம்மா.

இனி நான் குமிழ்முனைப் பேனையால்தான் எழுதுவேன். எழுதின அன்றிரவே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மூன்று இடத்தில் வைப்பேன். கதை சொன்னவர்களிடம் ஒரு பிரதி போகும், அவர்கள் வேண்டாம் என்றாலும்.

மக்பெத்தும் இன்னும் இரண்டும் அந்தப் பெட்டியிலேயே இருக்கின்றன. அடுத்த செவ்வாய் எடுப்போம். அதுவரை பக்கத்துப் பெட்டியை எட்டிப் பாருங்கள். அறக்குளா நல்லது வந்திருக்கிறதாம்.